ஊசி எங்கே கிடைக்கும் என்று பார்த்துவிட்டு மிஷின் வாங்குங்கள்

கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாற்றுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) குடியிருக்கும் என் சித்தி மகள் சென்ற மாதம் சீட்டு எடுத்தாள். கையில் 10,000 ரூபாய் வந்திருக்கிறது. கொழுந்து எடுத்து வந்தபின் மாலையில் வீட்டிலிருந்தே தைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. "அக்கா, எந்த மிஷின் வாங்கட்டும்?" என்று கேட்டாள். "உனக்கு ஊசி எங்கே கிடைக்கும்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் விழித்தாள். மிஷினைப் பற்றிக் கேட்டால் ஊசியைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைத்திருப்பாள். ஆனால் இந்த மலையில் இருபது ஆண்டுகளாகத் தைத்துவரும் எனக்கு, அதுதான் முதல் கேள்வியாகத் தோன்றுகிறது.

1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் எங்கள் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு மலையாளத்தில். தையலிலும் எங்களுக்கு இந்த இரட்டை வாழ்க்கைதான். துணியும் நூலும் எல்லையிலுள்ள குமுளியில் வாங்கிவிடலாம். மேல்நூலையும் கீழ்நூலையும் பின்னும் ஷட்டில் தேய்ந்தால், கீழ்நூல் சுற்றிய பாபினை வைக்கும் பாபின் கேஸ் போனால், மிஷினைப் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் தமிழ்நாட்டுக் கம்பத்துக்குத்தான் இறங்குகிறோம். வண்டிப்பெரியாற்றிலிருந்து குமுளிக்குச் சுமார் 14 கிலோமீட்டர். அங்கே சோதனைச்சாவடியை நடந்து கடந்து தமிழ்நாட்டு பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் லோயர் கேம்ப் இறங்கி, கூடலூர் வழியாகக் கம்பம் போய்ச் சேர இன்னும் 20 கிலோமீட்டருக்கு மேல். போய்வர ஒரு பகல் முழுதும் ஆகிவிடும். அன்றைய கூலியும் போகும். ஐந்தாறு ரூபாய் ஊசிக்கு நாங்கள் தருவது ஐந்தாறு ரூபாயும் ஒரு நாள் சம்பளமும்.

இன்னொன்று, எங்கள் தையல் வேலை குவிவது ஜூன் மாதத்தில். கேரளத்தில் பள்ளி திறப்பதும் ஜூனில், தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் ஜூனில். அரசுப் பள்ளிகளில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடைத் துணி இலவசமாகத் தருகிறார்கள். அதைத் தைத்துக் கொடுப்பது எங்களைப் போன்றவர்கள். மரம் விழுந்து மின்கம்பி அறுவதும், இரும்பில் துரு ஏறுவதும், மலைப்பாதையில் மண் சரிவதும் அதே மாதத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம் என் பாபின் கேஸின் பக்கவாட்டில் இருக்கும் சின்னஞ்சிறு திருகு கழன்று விழுந்தது. எள்ளைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அந்தத் திருகுதான் கீழ்நூலை அழுத்திப் பிடிக்கும் தகட்டை நிறுத்திவைக்கிறது. அது இல்லாவிட்டால் நூல் தொளதொளவென்று வரும், தையல் நிற்காது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். திருகு உருண்டு மழைநீர் ஓடும் சாக்கடையில் போய்விட்டது. மேலே ஏழு பிள்ளைகளின் சீருடை வெட்டிக் கிடந்தது. டார்ச் அடித்து இரவு பத்து மணி வரை தேடினோம். பாதையில் மண் சரிந்திருந்ததால் மறுநாள் பஸ் இல்லை. அந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளி திறந்த அன்று சென்ற ஆண்டுச் சட்டையில், குட்டையாகிப்போன கையோடு போனதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. நான் கீழே சொல்லும் ஒப்பீடு அன்றைக்குத் தொடங்கியது.

சித்தி மகள் முதலில் ஆசைப்பட்டது பவர் மிஷினுக்கு. 'ஜூக்கி' என்று ஒரு நிறுவனத்தின் பெயரையே எல்லா நிறுவனத்து மிஷினுக்கும் வைத்துச் சொல்கிறோமே, அது. பக்கத்து எஸ்டேட்டில் ஒரு சேச்சி அதில் நைட்டி தைத்துத் தள்ளுகிறார். வேகத்தில் அதற்கு ஈடு கிடையாது. நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல்வரை ஓடக்கூடியது. வெட்டிய துணியைக் கட்டாக வாங்கி, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைப்பவருக்கு அதுதான் சரி. நாள் முழுக்க மிஷினிலேயே உட்காரப்போகிறவருக்கு மாற்று யோசனையே நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் மாலையில் இரண்டு மணி நேரம் தைப்பவருக்கு அது பொருந்தவில்லை. மேசை மட்டுமே நான்கு அடி நீளம். லயத்து வீட்டில் ஓர் அறை, ஒரு சமையல் கட்டு, ஒரு திண்ணை. நான்கு அடி மேசையைப் போட்டால் இரவில் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்? மின்சாரம் போனால் அது வெறும் மேசைதான். மின்லைனின் கடைசி வீடுகளில் மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் முனகும். அதைவிட முக்கியம், அதன் ஊசி வேறு. தண்டு முழு உருண்டையாக இருக்கும். வீட்டு மிஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஒன்றை இன்னொன்றில் போட முடியாது. நம் பக்கத்துப் பேன்ஸி ஸ்டோர்களில் தொங்குவது தட்டை ஊசிதான். உருண்டை ஊசிக்குக் கம்பமோ தேனியோ போக வேண்டும். விலையும் மேசை, மோட்டாரோடு 20,000 ரூபாயைத் தொடுகிறது. பழையது 15,000க்குக் கிடைக்கும் என்றாலும், வேகத்தில் தேய்ந்துபோன பவர் மிஷினை வாங்கிச் சீர்செய்வது நம்மால் ஆகாது.

அடுத்தது, பெட்டி போல் தூக்கிவைக்கக்கூடிய சின்ன மின்சார மிஷின். ஆறேழு கிலோ எடை. வெள்ளை நிறம், பூத்தையல் படங்கள், காஜா எடுக்கும் வசதி. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இழுவைத் துணியை ஜிக்ஜாகில் தைக்கவும், துணி ஓரம் பிரியாமல் அடிக்கவும் இது நல்லது. மின்சாரம் மிகக் குறைவாகவே எடுக்கும் என்பதால் இன்வெர்ட்டரிலும் ஓடும். பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். எங்கள் வேலை வேறு. கைத்தறிச் சீருடைத் துணியை நான்கு மடிப்பாக இடுப்புப் பட்டியில் ஓட்ட வேண்டும். பழைய கம்பளியை வெட்டிப் பிள்ளைக்குச் சட்டை தைக்க வேண்டும். கொழுந்துச் சாக்கைக்கூடச் சில நேரம் தைக்க வேண்டியிருக்கும். அந்தக் கனத்தில் இந்தச் சின்ன மிஷின் திணறுகிறது. உள்ளே நைலான் பற்சக்கரம் உடைந்தால் நம்மூர்ப் பழுதுபார்ப்பவரும் கையை விரிப்பார். நிறுவனத்தின் சேவை மையத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் காத்திருக்க யாரால் முடியும்?

மிச்சம் இருப்பது காலால் மிதிக்கும் கறுப்பு இரும்பு மிஷின். புதிது, பழையது என்று இரண்டு வழி. நான் விசாரித்தபோது புதிது ஸ்டாண்டோடு 7,000 முதல் 9,000 ரூபாய், பழையது 3,000 முதல் 5,000 ரூபாய் சொன்னார்கள். புதியதில் பயமில்லை, உத்தரவாதச் சீட்டு உண்டு. இன்று வரும் மிஷின்களில் பெரும்பகுதி பஞ்சாபின் லூதியானாவில் செய்யப்படுகிறது. உதிரி பாகங்களும் அங்கிருந்தே நாடு முழுதும் போகின்றன. ஆகவே எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் பாபின், பாபின் கேஸ், ஷட்டில், துணியை நகர்த்தும் பல் எல்லாம் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். மலையில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய சௌகரியம் இல்லை. என் திருகு தொலைந்த இரவில் ஆறு வீடு தள்ளி இருந்த மதினியின் பாபின் கேஸ், வேறு நிறுவனத்துடையது, என் மிஷினில் பொருந்தியது. அவருக்கும் அவசரத் தையல் இருந்ததால் ஓர் இரவுக்கு மட்டும் தந்தார். ஏழு சீருடையில் இரண்டையாவது அதனால்தான் முடித்தேன்.

புதியதில் எனக்கு ஒரு குறை உண்டு. இப்போது வரும் பல மேசைப் பலகைகள் மரத்தூளை அழுத்திச் செய்தவை. எங்கள் ஈரத்தில் இரண்டு மழைக்காலத்துக்குள் ஓரம் உப்பி, பாளம் பாளமாகப் பிரியும். பழையவற்றில் நல்ல மரம் போட்டிருப்பார்கள். வார்ப்பிரும்புக் காலும் கனமாக இருக்கும், மிதிக்கும்போது மிஷின் நகராது. சித்தி மகளுக்கு நான் சொன்னது பழைய மிஷின்தான். 5,000க்குள் நல்லதாக ஒன்றை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தை உதிரி பாகத்திலும் நூலிலும் போடச் சொன்னேன். 9,000 கொடுத்துப் புது மிஷின் வாங்கிவிட்டு ஒரே ஒரு பாபினோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திருக்கிறேன். அதைவிட இது மேல்.

பழையதைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். எனக்குக் கம்பத்தில் ஒரு பழுதுபார்க்கும் அண்ணன் கற்றுக்கொடுத்த முறையைச் சொல்கிறேன். பெயின்டையும் பூ வேலைப்பாட்டையும் பார்க்காதீர்கள். முதலில் பெல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கைச்சக்கரத்தை ஒரே விரலால் மெல்லச் சுற்றுங்கள். முழுச் சுற்றும் ஒரே கனத்தில் போக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகி, பிறகு விட்டுக்கொடுத்தால் ஷட்டில் ஓடும் தடத்தில் துருவோ அறுந்த நூலோ இருக்கும். சுத்தம் செய்தால் சரியாகலாம். அடுத்து, ஊசி மாட்டும் கம்பியை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். உள்ளே தேய்மானம் முற்றிவிட்டது என்று பொருள். துணியை நகர்த்தும் பல்லை விரல்நுனியால் தடவுங்கள். சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழுவழுப்பாக இருந்தால் மாற்ற வேண்டும். அதற்கு அதிகம் செலவாகாது, விலையில் குறைத்துக் கேட்கலாம்.

பிறகு மேலே ஒரு நிற நூலும் பாபினில் வேறொரு நிற நூலும் போட்டுத் தையுங்கள். இதற்காகவே நான் சிவப்பும் வெள்ளையும் எடுத்துக்கொண்டு போவேன். முதலில் பாப்ளின் துணி இரண்டு மடிப்பு, பிறகு நான்கு மடிப்பு, கடைசியாக ரவிக்கைக்குப் போடும் மெல்லிய டூ பை டூ. மூன்றிலும் மேற்புறம் ஒரு நிறமும் அடிப்புறம் ஒரு நிறமும் மட்டுமே தெரிய வேண்டும். அடியில் மேல்நூல் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகைத் திருப்பிப் பாருங்கள். திருப்பியும் மாறவில்லை என்றால் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. மிகப் பழைய மிஷின்களில் படகு வடிவ நீள ஷட்டில் இருக்கும். பாபினும் உருண்டையாக இல்லாமல் குச்சி போல் நீளமாக இருக்கும். பாட்டி காலத்துப் பொருள் என்று மனம் இழுக்கும், தைக்கவும் அருமையாகத் தைக்கும். ஆனால் அந்தக் குச்சி பாபின் கடைகளில் கிடைப்பதில்லை. உங்கள் வீட்டிலேயே வழிவழியாக இருந்தால் காப்பாற்றி வையுங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

கால்மிஷினுக்கு மோட்டாரும் மாட்டலாம். காலை மிதித்து முழங்கால் வலிப்பவருக்கு அது பெரிய நிம்மதி. பெல்ட்டை மாற்றினால் மறுபடியும் மிதியில் தைக்கலாம் என்பதால் இழப்பு எதுவும் இல்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முல்லைப்பெரியாறு அணை திறந்து வண்டிப்பெரியாற்றுக்குள் தண்ணீர் வந்தபோது எங்கள் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் மிதித்துத்தான், முகாமிலிருந்து திரும்பியவர்களுக்குப் பாவாடையும் நைட்டியும் தைத்துக் கொடுத்தேன். மோட்டார் பின்னால் வாங்கிக்கொள்ளலாம், மிதியை விட்டுவிடாதீர்கள்.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மிஷின் வாங்கினால் என்ன என்றும் சித்தி மகள் கேட்டாள். கேரளத்து மகளிர் சுயஉதவிக் குழுவான குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் கடன் எடுத்து அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் அன்றாடம் தைக்கும் மிஷினைப் பங்குபோட முடியாது. எல்லோருக்கும் ஒரே வாரத்தில்தான் வேலை வரும். ஆனால் துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷினைப் பங்கில் வாங்குவது நல்ல யோசனை. ஒருவர் பத்து உருப்படியைத் தைத்து முடித்து, அரை மணி நேரத்தில் ஓரம் அடித்துக்கொண்டு போய்விடலாம்.

இலவச மிஷின் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஆதரவற்ற பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் தரும் திட்டம் உண்டு. அது தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு, இந்தப் பக்கம் ரேஷன் கார்டு வைத்திருக்கும் நமக்கு இல்லை. மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் தையலும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை மின்-வவுச்சர், பயிற்சி நாட்களில் தினம் 500 ரூபாய் உதவித்தொகை, பிணையில்லாமல் முதல் தவணையாக ஒரு லட்சம் ரூபாய் வரை 5 சதவீத வட்டியில் கடன் என்பவை அதில் இருக்கின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் 'பிரதமரின் இலவசத் தையல் மிஷின், இந்த இணைப்பை அழுத்துங்கள்' என்பது பொய். மத்திய அரசின் உண்மை கண்டறியும் பிரிவே அதை மறுத்திருக்கிறது. அதற்குப் பணமோ ஆதார் எண்ணோ கொடுத்துவிடாதீர்கள்.

இனி சாமான்கள். குமுளியிலா, கம்பத்திலா, பார்சலிலா? பார்சல் எங்கள் லயத்துக்கு நேராக வருவதில்லை, டவுனில் போய் வாங்க வேண்டும். நூலின் நிறமும் படத்தில் ஒன்று, கையில் ஒன்று. பாபின், ஊசி போன்று எண் பார்த்து வாங்குபவற்றுக்கு மட்டும் அது சரி. குமுளியில் அவசரத்துக்கு வாங்கலாம். கடைக்காரர் மலையாளி என்றால் ஊசியைச் 'சூசி' என்றும் கொக்கியைக் 'கொளுத்து' என்றும் கேளுங்கள். துணியை எடுத்துக்கொண்டு போய் நேரில் நிறம் பார்த்து வாங்கலாம். நூல் கண்டில் சுற்றியிருக்கும்போது அடர்த்தியாகத் தெரியும், தைத்தபின் வெளிறிவிடும். ஆகவே துணியைவிட ஒரு சாயல் கூடுதலாக எடுங்கள். ஒரு முழம் இழுத்துச் சுண்டியும் பாருங்கள். ஈரத்தில் கிடந்து இற்றுப்போன நூல் 'டப்' என்று அறும்.

மொத்தமாக வாங்கும் இடம் கம்பம்தான். ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் தீபாவளிக்கு முன்பும் நான் இறங்குகிறேன். மலைக்கு மேல் குடை பிடித்துக் கிளம்பிக் கீழே வெயிலில் இறங்கும் பயணம் அது. ரவிக்கைக்கும் நைட்டிக்கும் 14, 16 நம்பர் ஊசி, பட்டுக்கு 11, தடித் துணிக்கு 18. இவற்றில் 16 மட்டும் இரண்டு மடங்கு. பாபின் பத்து. பாபின் கேஸ் இரண்டு, அதற்கான திருகுகள் தனியாக ஒரு பொட்டலம். தோல் பெல்ட் ஒன்று கூடுதலாக. ஈரத்தில் பெல்ட் நீண்டு வழுக்கும். அப்போது அரை அங்குலம் வெட்டிக் கொக்கியை மறுபடி மாட்டிக்கொள்வேன், ஆனால் ஒரு பெல்ட்டை எத்தனை முறைதான் வெட்ட முடியும்? ஊசிகளை மிஷின் எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி ஒரு சம்படத்தில் போட்டு அடுப்படிப் பக்கம் வைக்கிறேன். துரு அண்டுவதில்லை.

எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். சமவெளியில் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசினாகும். எங்கள் குளிரில் மறுநாள் காலையிலேயே உறைந்து நிற்கும், ஏனென்றால் 24 டிகிரிக்குக் கீழே அது கட்டியாகிவிடும். மார்கழியில் ஒரு வீட்டில் சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். எண்ணெய்த் துளைகளில் வெள்ளையாக மெழுகு போல் உறைந்திருந்தது. மண்ணெண்ணெயைத் துளைதோறும் விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி, கறுப்பாக வழிந்ததைத் துடைத்து, பிறகு மிஷின் எண்ணெய் விட்டபோது அது பழைய சத்தத்தோடு ஓடத் தொடங்கியது. அந்த வீட்டம்மா கண் கலங்கினார், அவருடைய மகளின் கல்லூரிச் செலவு அந்த மிஷினில்தான் ஓடுகிறது.

2020இல் ஊரடங்கு வந்து எல்லையை அடைத்தபோது கம்பம் எங்களுக்கு வெளிநாடாகிவிட்டது. குடும்பஸ்ரீ பெண்கள் மாநிலமெங்கும் துணி முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தார்கள், எலாஸ்டிக் எங்கும் கிடைக்கவில்லை. நாங்கள் பழைய டூ பை டூ துணியைக் கோணலாகக் கீறி நாடா தைத்துக் கட்டும்படி செய்தோம். பழைய பையின் ஜிப், கிழிந்த சட்டையின் பட்டன், நைந்த ரவிக்கையின் கொக்கி எல்லாம் அன்று கைகொடுத்தன. அன்றிலிருந்து எந்தத் துணியையும் கரித்துணியாக்குமுன் கொக்கியைப் பிரித்து எடுத்து வைக்கிறேன்.

வரும் சனிக்கிழமை சித்தி மகள் கம்பத்துக்கு இறங்குகிறாள். பார்த்துவைத்திருக்கும் மிஷின் 4,500 ரூபாய். ஜீப்பில் ஏற்றி வருகிறாள். நிற்கவைத்துக் கட்டிக் கொண்டுவந்தால் வளைவில் சாய்ந்து வார்ப்பிரும்புக் கால் விரிசல் விடும், அதை ஒட்டவைப்பது கடினம். அதனால் ஸ்டாண்டைப் படுக்கவைத்துச் சாக்கு போடச் சொன்னேன். மிஷின் தலையைப் பலகையிலிருந்து கழற்றிக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வரச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு கிலோதான், தாங்கலாம். தலையைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் கழற்றிய கையோடு நூலில் கட்டி மிஷினின் கழுத்திலேயே தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன்.